சுவருக்கு வைத்தியம் பார்ப்பவள்

அவளுடைய அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். மகள் எழுதித் தரும் சீட்டுக்குத் தன் கையால் மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மருத்துவப் படிப்புக்கு மதிப்பெண் போதவில்லை. அவள் தாவரவியல் படித்தாள். பழைய சுவர்களிலும் பாறைகளிலும் சாம்பலும் மஞ்சளுமாய்ப் படரும் லைக்கன்களைப் பல வருடம் ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினாள். கல்லூரியில் கொடுத்த அடையாள அட்டையில் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று இருந்தது. அப்பா அதை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

கடைக்கு வருகிறவர்கள் மகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாயைத் திறப்பார். “டாக்டர்தான். ஆனா சுவத்துக்குக் காய்ச்சல் வந்தாத்தான் பார்ப்பா.” கடையே சிரிக்கும். கணக்குப் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கும் அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள்.

அம்மா போன பிறகு வீட்டில் அவர்கள் இருவர்தான். கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று முறை வந்து, வந்த வழியே போனது. பிறகு யாரும் எடுக்கவில்லை. காலையில் இருவரும் ஒரே பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படிப்பார்கள். சாயங்காலம் அவர் டிவி பார்ப்பார், அவள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருப்பாள். சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை.

ஒரு மத்தியானம் அப்பா கடையிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கவுண்டரில் இருந்த பெண் அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள்.

“நீங்க டாக்டரா மேடம்?”

இத்தனை வருடமாக இந்தக் கேள்விக்கு அவளிடம் நீளமான பதில் ஒன்று உண்டு. அன்று அதைச் சொல்லத் தெம்பில்லை. “ஆமா” என்றாள்.

அந்த ஒரு வார்த்தை வேலை செய்தது. நாற்காலி வந்தது. நர்ஸ்கள் கூப்பிட்ட குரலுக்கு வந்தார்கள். தன்னை ‘டாக்டர் மேடம்’ என்று கூப்பிடும்போது உள்ளே கொஞ்சம் குளிர்ந்ததையும் அவளால் மறைக்க முடியாது.

மறுநாள் காலை அப்பாவைப் பார்க்கும் பெண் டாக்டர், இவளைவிட வயதில் சின்னவள், தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய் ஸ்கேன் படத்தைக் காட்டினாள். விறுவிறுவென்று என்னென்னவோ சொன்னாள். “உங்களுக்குத் தெரியாததில்ல மேடம். இதுக்கு மேல போக வேண்டாம்னு நினைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?” இவள் தலையாட்டினாள். நீங்கள் சொன்னால் சரி என்றாள்.

கட்டிலுக்குத் திரும்பினாள். என்ன சொன்னார்கள் என்று அப்பா கேட்டார். அப்போதுதான், எதற்குத் தலையாட்டினோம் என்று தனக்குத் தெரியவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. இதோ வருகிறேன் என்று எழுந்து போனாள்.

அந்த டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தாள். “நான் அந்த டாக்டர் இல்லம்மா. காலேஜ்ல பாடம் எடுக்கறவ. நீங்க சொன்னது எனக்கு ஒண்ணுமே புரியல. எல்லாருக்கும் சொல்ற மாதிரி எனக்கும் சொல்லுங்க.”

டாக்டர் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லித் தானும் உட்கார்ந்தாள். அப்பாவின் இதயம் மிகவும் தளர்ந்துவிட்டது, குழாய் போட்டு மெஷினில் வைத்தால் சில நாள் இழுக்கலாம், ஆனால் பேச முடியாது என்று நிதானமாக விளக்கினாள். “வேண்டாம்னா, வலி தெரியாம நாங்க பாத்துக்கறோம் அக்கா.” எழும்போது இவள் தோளைத் தொட்டாள். ‘மேடம்’ போய் ‘அக்கா’ வந்திருந்தது.

அப்பாவிடம் அவள் மறைக்கவில்லை. அவர் எல்லாம் கேட்டுவிட்டுக் குழாய் வேண்டாம் என்றார். ‘டாக்டர் இல்லை’ என்று அவள் போய்ச் சொன்னதையும் கேட்டார்.

“எதுக்குப் போய்ச் சொன்ன? கொஞ்சம் மரியாதையா பதில் சொல்லிட்டிருந்தாங்க.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவர் தலையணையில் சாய்ந்துகொண்டார். பிறகு, “அந்தச் சுவத்துல நீ சொரண்டுவியே, அது என்ன செடியா?” என்று கேட்டார்.

அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. செடி இல்லை, பாசியும் பூஞ்சையும் ஒட்டி வாழ்வது என்று தொடங்கினாள். ஒன்று சோறாக்கும், ஒன்று வீடு கட்டும் என்றாள். நகத்தளவு வளர எத்தனை காலமாகும், புகை பட்டால் எப்படிச் சுருங்கும் என்றெல்லாம் வகுப்பில் சொல்வதைவிட மெதுவாகச் சொன்னாள். அவர் இடையிடையே “ம்” கொட்டினார். “ம்” நின்ற பிறகும், தூங்குகிறார் என்று நினைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

காரியப் பத்திரிகை அச்சடிக்க விவரம் கேட்டு வந்த அத்தை மகன், அவள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடுவதா, முனைவர் என்று போடுவதா என்று கேட்டான். மகள் என்று மட்டும் போடச் சொன்னாள்.

கடையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். அவள் கல்லூரிக்குப் போய் வருகிறாள். காலையில் பேப்பர் முழுதாக மேசைமேல் கிடக்கிறது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவளே படிக்கிறாள். படித்து முடித்தாலும் கிளம்ப நேரம் மிச்சமிருக்கிறது.