ஆளில்லாத பாடு

பழவேற்காடு ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட்டுவிட முடியாது. இறால் நன்றாக ஓடுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். முறை வைத்து, ஒரு நாளைக்கு ஒரு குடும்பம். காவல் கிடையாது, பூட்டும் கிடையாது. ஆனாலும் ஊரில் யாரும் முறை மீறியதில்லை.

அறுபதுகளின் கடைசி. மெட்ராஸ் காலேஜில் லாஜிக் படித்துக்கொண்டிருந்த நான், லீவுக்கு வந்த இடத்தில் அக்கா வீட்டுக்காரரோடு தோணியில் போனேன். அந்த வாரம் முழுக்க அவர் வலையில் ஒன்றும் படவில்லை. அக்கா வீட்டுக் கஞ்சி நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டிருந்தது.

விடிந்து வெகுநேரமாகியும் நல்ல பாடு ஒன்று காலியாகக் கிடந்தது. அன்றைய முறைக்காரன், மனைவிக்கு வலி எடுத்து, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். இறால் துள்ளுவது கண்ணுக்கே தெரிந்தது. சுற்றிலும் ஒரு தோணி இல்லை.

"மச்சான், கழிய ஊனு. வலையக் கட்டலாம்," என்றார் மாமா.

"இது நம்ம பாடு இல்லியே மாமா?"

"அவன் ஆஸ்பத்திரில குந்திக்கினு கீறான். புள்ள பொறக்கற வரிக்கும் இறா இன்னா காத்துக்கினு இருக்குமா? தண்ணி வத்துனா கடலுக்குப் பூடும்."

சரியான பாயிண்ட். அவனுக்கு நஷ்டமில்லை, எங்களுக்கு லாபம், சாட்சிக்குக் கொக்கு மட்டும். பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மார்க். கழியைத் தூக்கியும்விட்டேன். ஊன்றத்தான் கை வரவில்லை. ஊர் திரும்பியதும் அவன் கேட்கப்போகிற முதல் கேள்வி எனக்குத் தெரியும். 'நம்ம பாட்டுல இறா ஓடிச்சா?' எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வேன்?

"வேணாம் மாமா."

"ஏன், எவனாச்சும் பாக்கறானா?"

"ஒருத்தனும் பாக்கல. அதான் பேஜாரா கீது."

"இத்தப் படிக்கத்தான் காலேஜுக்குப் போனியா? உங்க அக்காகிட்ட சொல்லு, இன்னிக்கு சோத்துக்குப் பதிலா நாயம் ஆக்கிப் போடட்டும்!"

கழியைப் பிடுங்கி அவரே ஊன்றியிருக்கலாம். ஊன்றவில்லை. திட்டிக்கொண்டே தோணியைத் திருப்பினார். அன்று எங்கள் முறைக்கு வந்த இடத்தில் கிடைத்தது கூடையின் அடியைக்கூட மறைக்கவில்லை. அக்கா அதை எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். லாஜிக் தோற்றதில் எனக்குக் கவலையில்லை. அந்த முதுகைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

சில நாள் கழித்து அந்த முறைக்காரன் பெண் குழந்தையோடு வந்தான். கரையில் கூட்டத்துக்கு நடுவே எங்களைப் பார்த்ததும் அதே கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"ஓடிச்சுப்பா, சும்மா துள்ளிச்சு. மச்சான் கழிய கையில தூக்கிட்டான். எனக்குத்தான் மனசு கேக்கல."

அவன் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழியைத் தூக்கியது நிஜம் என்பதால் சண்டைக்கும் போக முடியவில்லை. அப்புறம்தான் உறைத்தது: நாலு பேர் நடுவில் இப்படிச் சொல்லிவிட்ட மனுஷன், இனி எந்தக் காலிப் பாட்டில் கழி ஊன்றுவார்? விட்டுவிட்டேன்.

அன்றைக்கும் கஞ்சிதான். மாமா இரண்டாவது தரம் வாங்கிக் குடித்தார்.