புதுக்கோட்டைக்கு எத்தனை எழுத்து?

போன வருடம் ஆடி மாதம், அன்னவாசலில் எங்கள் வீட்டில், காற்றுக்குக் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது இது. நான் தமிழ் எம்.ஏ. தனியார் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். அவள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும், வீட்டிலிருந்தே பார்க்கிற வேலைக்காக இணையத்தில் புரோகிராம் எழுதப் படித்தேன். "தமிழ் டீச்சருக்கு எதுக்கு இது?" என்று கேட்டவர்களிடம், இலக்கணமே வந்தவளுக்கு இது வராதா என்று திருப்பிக் கேட்டு வாயை அடைத்திருக்கிறேன்.

நான் படித்தது, புதுக்கோட்டையில் அலுவலகம் வைத்துத் தமிழில் பாடம் நடத்துகிற ஓர் இணையதளத்தில். அதுவரை வெறும் வீடியோதான். அந்த மாதம்தான் புதிதாகப் பயிற்சிகள் சேர்த்திருந்தார்கள். பாடத்துக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கும். அதில் நாமே புரோகிராம் எழுதிப் பொத்தானை அமுக்கினால், அங்கேயே ஓட்டிப் பார்த்து, சரியென்றால் பச்சை டிக் போடும், இல்லையென்றால் சிவப்பில் 'தவறு' என்று காட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாவற்றிலும் பச்சை வாங்குகிறவர்களுக்கு ஒரு கம்பெனியில் நேர்காணல் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். ஒரே ஒரு பயிற்சிதான் பாக்கி.

கொடுக்கிற சொல்லில் எத்தனை எழுத்து என்று சொல்லும் புரோகிராம் எழுத வேண்டும். சோதனைக்கு அவர்கள் வைத்திருந்த சொல் 'புதுக்கோட்டை'. அதற்கென்று இருக்கிற கட்டளையைப் போட்டு ஒரே வரியில் முடித்தேன். விடை பன்னிரண்டு என்று வந்தது. பச்சை டிக்கும் விழுந்தது.

சந்தோஷப்படாமல், பழக்கதோஷத்தில் விரல்விட்டு எண்ணினேன். பு, து, க், கோ, ட், டை. ஆறுதானே!

சொல்லைப் பிரித்து வரிக்கு ஒன்றாகக் காட்டச் சொன்னேன். 'ப' ஒரு வரியில் வந்தது. அதன் உகரச் சுழி அடுத்த வரியில் தனியாகக் கிடந்தது. 'க்'கிலிருந்து புள்ளி கழன்றிருந்தது. புள்ளி, சுழி, கொம்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் ஆளுக்கொரு எழுத்தாக எண்ணியிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. உயிரும் மெய்யும் சேர்ந்தால் எத்தனை எழுத்து என்று கேட்டு, "ஒண்ணு டீச்சர்!" என்று வகுப்பே அதிரக் கத்த வைத்தவள் நான்.

அந்தப் புள்ளி, சுழி, கொம்புகளை விட்டுவிட்டு எண்ணும்படி புரோகிராமை மாற்றினேன். ஆறு வந்தது. பொத்தானை அமுக்கினேன். இருந்த பச்சையும் போய், 'தவறு' என்று சிவப்பு வந்து நின்றது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "பன்னெண்டுன்னு குடுத்துட்டு வேலையப் பாரும்மா. ஊரோட ஒத்துப் போ."

"ஊர் பேரையே தப்பா எண்ணுற ஊரோட எப்படிங்க ஒத்துப் போறது?"

வீம்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, பயமும் இருந்தது. பிடிவாதத்தில் நேர்காணல் போய்விட்டால், மறுபடி எத்தனை மாதம் காத்திருப்பது?

மறுநாள் காலை பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கே போய்விட்டேன். பயிற்சிகளைச் சேர்த்தவர் என் தம்பி வயதுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார்.

"கம்ப்யூட்டர் அப்படித்தாங்க மேடம் எண்ணும். உள்ளுக்குள்ள 'ப'வும் ஒரு குறி, அதோட சுழியும் ஒரு குறி."

"அது எப்படி வேணாலும் எண்ணிட்டுப் போகட்டும் தம்பி. கேள்வியில 'எழுத்து'ன்னுல்ல போட்டிருக்கீங்க?"

சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் 'புதுக்கோட்டை' என்று பெரிதாக எழுதினேன். வாய்விட்டு எண்ணச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே விரலை மடக்க ஆரம்பித்தார். 'டை'யில் ஆறோடு விரல் நின்றது. பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உரக்கவே சிரித்துவிட்டார்.

"இங்கிட்டே பொறந்து வளந்தவன் மேடம் நானு. ஆனா இப்ப விடைய மாத்துனா, ஏற்கெனவே பாஸானவங்க பச்சையெல்லாம் செவப்பாயிருமே?"

நியாயமான கேள்வி. அவர்கள் வயிற்றில் நான் அடிக்கலாமா? கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன்: "பழைய கேள்வியில 'எழுத்து'ங்கிறத எடுத்துட்டு 'குறி'ன்னு போடுங்க. பன்னெண்டு சரியாயிரும். எழுத்து எண்ணுறத அதுக்கு அடுத்த பயிற்சியா வைங்க. இந்தத் தடவை அது கணக்குல சேர வேணாம்."

அவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார். "அப்ப அந்தப் பயிற்சிய நீங்களே எழுதிருங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். சோதனைக்கு 'எஃகு', 'ஔவை', 'பொன்னமராவதி' என்று சொற்களைக் கொடுத்தேன். எல்லாம் சரியாக வந்தன. 'லக்ஷ்மி'யிடம் மட்டும், 'க்ஷ்' ஒரு எழுத்தா இரண்டா என்று தெரியாமல், என் புரோகிராமே கொஞ்சம் தடுமாறியது. அந்தப் பஞ்சாயத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் ஒருமனதாகத் தள்ளிவைத்தோம். கிளம்பும் முன், 'குறி' என்று மாற்றிய பழைய பயிற்சியில் என் பன்னிரண்டைத் திரும்பக் கொடுத்தேன். இப்போது அது பொய் இல்லை. பச்சை விழுந்தது.

நேர்காணலில், எதையாவது நீங்களாகச் செய்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இந்தக் கதையைத்தான் சொன்னேன். வேலை கிடைத்தது. மற்றவர்கள் எழுதுகிற புரோகிராமில் எங்கே தப்பு என்று தேடிச் சொல்கிற வேலை. "சண்ட போடுறதுக்குச் சம்பளமா?" என்று வீட்டுக்காரர் இன்னும் கிண்டலடிக்கிறார்.

அடிக்கட்டும். திரையில் எத்தனை பச்சை டிக் விழுந்தாலும், நானே ஒரு தடவை விரல்விட்டு எண்ணிப் பார்த்த பிறகுதான் அதைச் சரி என்று ஒத்துக்கொள்கிறேன்.