வியாழக்கிழமை மணி

எங்கள் வீட்டில் சாமி மணியை நான் தொடுவதில்லை. பித்தளை மணி, கைப்பிடியில் சின்ன நந்தி, என் மாமியார் விட்டுப்போனது. விளக்கேற்றுவேன், பூ வைப்பேன், சூடம் கொளுத்துவேன். மணிக்கு மட்டும், "என்னங்க, கொஞ்சம் வாங்க" என்று கணவரைக் கூப்பிடுவேன். அவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். சட்டைப் பொத்தானைப் போட்டபடியே வந்து இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புவார். ஏன் நீ அடிப்பதில்லை என்று ஒருமுறை கேட்டார். கை வலிக்கிறது என்றேன். நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்கிற கைக்கு ஒரு மணியைத் தூக்க என்ன வலி என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. நல்ல மனிதர். அவரிடம் இன்றுவரை சொல்லாததைத்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், புக்கிட் ரோத்தானில் இதே வீட்டில், குழந்தைகளுக்கான தூளித் துணி தைத்து அக்கம்பக்கத்தில் விற்றுக்கொண்டிருந்தேன். பாத்திக் சாரோங் என்கிற பூப்போட்ட கைலியை மடித்து, பாரம் தாங்கும்படி மூன்று வரிசைத் தையல் ஓட்டி, கொக்கியில் மாட்ட ஒரு பட்டையும் வைத்துத் தருவேன். நன்றாகத்தான் தைப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் வட்டாரத்தில் வருஷத்துக்கு எத்தனை குழந்தைதான் பிறக்கும்? அப்போதுதான் கைபேசியில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. இணையத்தில் விற்பது எப்படி என்று தமிழிலேயே சொல்லித் தருகிறார்களாம். இரண்டு நாள் ஹோட்டல் மண்டபத்தில் நேரடி நிகழ்ச்சி, பிறகு வாராவாரம் கைபேசி வழியே வகுப்பு. ஆறே மாதத்தில் வாழ்க்கை மாறும் என்று கோட்டு போட்ட ஒருவர் விரலை நீட்டிச் சொன்னார். அவர் சொன்னது என்னைப் பார்த்து மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷா ஆலாமில் அந்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் குளிர் எலும்பில் ஏறியது. காதைப் பிளக்கிற பாட்டு. உட்கார விடாமல் எழுப்பி ஆடச் சொன்னார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆடினோம். மேடையில் ஆளுயரச் சட்டத்தில் ஒரு பெரிய வெண்கலத் தட்டு தொங்கியது. முதல் விற்பனை செய்தவர் மேடையேறி அதை ஓங்கி அடிக்க வேண்டும்; கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்யும். அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் புகுந்து வெளியே வர வெகுநேரம் பிடித்தது. ஒருநாள் நானும் அடிப்பேன் என்று அங்கேயே முடிவு செய்தேன். விளம்பரத்தில் வந்த கோட்டுக்காரரை அங்கே எல்லாரும் கோச் என்றார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கோச் எல்லாரையும் இருவர் இருவராகச் சேர்த்தார். வாரம் ஒருமுறை இவர் அவரிடமும் அவர் இவரிடமும் கணக்கு ஒப்பிக்க வேண்டும், அப்போதுதான் சோம்பல் வராது என்றார். அதற்கு எக்கவுண்டபிலிட்டி பார்ட்னர் என்று நீளமாக ஒரு பெயர். எங்கள் வாயில் அது பார்ட்னர் என்று சுருங்கிவிட்டது.

எனக்கு வாய்த்தவர் புக்கிட் செந்தோசாவிலிருந்து வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். குட்டையான, வேகமான பெண்மணி. புக்கிட் பெருந்துங்கில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருஷ வேலை. கடைசி ஐந்து வருஷமாகச் சூப்பர்வைசர். "எங்க பேக்டரில எல்லாருக்கும் வெள்ளத் தொப்பி, எனக்கு மட்டும் மஞ்சத் தொப்பி" என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சொன்னார். முழங்கால் வலியால் நாள் முழுக்க நிற்க முடியவில்லை. வீட்டில் மோர் மிளகாய் போடுவார். அதை விற்றுப் பிழைக்க வழி இருந்தால் போதும் என்றார். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, கடைசிவரை பார்ட்னர்தான்.

வியாழன் காலை பத்து மணி என்று வைத்துக்கொண்டோம். முதல் வியாழன் நான் ஒன்றுமே செய்திருக்கவில்லை. இணையத்தில் விற்பனைப் பக்கம் தொடங்கியிருந்தேன், படம் போட்டிருந்தேன், ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அக்கா முதலில் தன் கதையைச் சொன்னார். "எனக்கு சைபர் லா பார்ட்னர். நீ சொல்லு, உனக்கு எத்தன?" அந்தக் குரலில் அவ்வளவு ஆசை இருந்தது, எனக்கும் சைபர் என்று சொல்ல நாக்கு கூசியது. "ஒன்னுக்கா" என்றேன். அந்தப் பக்கம் ஒரு கூவல். "இரு இரு, வச்சிடாத!" என்று ஓடினார். திரும்பி வந்ததும் கைபேசிக்குள் கிணிகிணியென்று மணிச் சத்தம். "நம்ம வீட்டுல அந்தப் பெரிய தட்டுக்கு நான் எங்க போவேன்? சாமி மணிய எடுத்தாந்துட்டேன். உனக்காக அடிக்கிறேன், நல்லா இரு" என்றார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்தச் சத்தம் எனக்கு இனித்தது. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் எனக்காக யாரும் கைதட்டியதுகூட இல்லை. அடுத்த வியாழன் இரண்டு என்றேன், அதற்கடுத்து மூன்று. வாராவாரம் அந்த மணி அடித்தது. ஒரே ஒரு துணிகூட விற்காமலே அறுபதுக்கு மேல் விற்றுவிட்டேன். அவரோ ஒவ்வொரு வாரமும் சைபர் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, ரகசியம் என்ன என்று என்னிடம் கேட்பார். வாய்க்கு வந்ததைச் சொல்வேன். விடிகாலை ஆறு மணிக்குப் பதிவு போட்டால்தான் ஆட்கள் பார்க்கிறார்கள் என்று ஒருமுறை அளந்துவிட்டேன். அதற்குப் பிறகு, இரவு வேலை இருக்கும் நாட்களில், தொழிற்சாலைக் கழிப்பறையில் ஒளிந்து நின்று சரியாக ஆறு மணிக்குப் பதிவு போட்டிருக்கிறார். சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன், வெட்கம் கெட்டவள்.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது நேரடி நிகழ்ச்சி. கடைசி நாள் மாலை கோச் விளக்குகளை மங்கவைத்து, ஆளுக்கொரு இளஞ்சிவப்புத் தாள் கொடுத்து, வேலை ராஜினாமாக் கடிதம் எழுதச் சொன்னார். "சம்பளம் வர்ற வரைக்கும் உங்க பிசினஸ் வளராது. நீங்க வளர விடமாட்டீங்க" என்றார். பின்னணியில் உருக்கமான இசை. பலர் அழுதுகொண்டே எழுதினார்கள். வீட்டுக்குப் போனதும் அதைக் கசக்கிப் போட்டிருப்பார்கள், அவர்கள் கெட்டிக்காரர்கள். என் அக்கா அழவில்லை. ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடித்து, தாளை மடிமேல் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "கோச் ஆயிரம் சொல்லுவாரு பார்ட்னர், அது அவரு பொழப்பு. நீ சொல்லு. உனக்கு வருதே, எனக்கும் வருமா? கொடுத்துடட்டா?"

என் வாழ்க்கையில் என்னிடம் இவ்வளவு நேராக யாரும் கேள்வி கேட்டதில்லை. எனக்கும் ஒன்றும் வரவில்லை அக்கா என்ற ஒரே வாக்கியம் போதும். அவர் என் முதுகில் ஓர் அடி வைத்திருப்பார். இரண்டு பேரும் வெளியே போய்த் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே கோச்சைத் திட்டியிருப்போம். நான் தலையை ஆட்டினேன். "வரும்க்கா" என்று வாய்விட்டும் சொன்னேன். திங்கட்கிழமை அந்தத் தாளைத் தொழிற்சாலையில் கொடுத்துவிட்டார்.

பிறகு மழைக்காலம். மிளகாய் காயவில்லை, காய்ந்தவையும் விற்கவில்லை. அப்போதும் வியாழன்தோறும் அழைத்தார், நான் எண் சொன்னேன், அவர் மணி அடித்தார். சத்தம் மட்டும் வரவரக் குறுகிக்கொண்டே போனது. ஒரு வாரம் மணி அடித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "வகுப்புல எல்லாரும் வருதுங்கறாங்க. உனக்கும் வருது. அப்போ கோளாறு என்கிட்டத்தான். எங்கப்பா சின்ன வயசுலயே சொல்லுவாரு, இவளுக்கு மண்ட மந்தம்னு. சரியாத்தான் சொல்லியிருக்காரு." அப்படியெல்லாம் சொல்லாதீர்கள் அக்கா, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் மண்டை மந்தமில்லை என்பதற்கு உலகத்திலேயே சாட்சி நான் ஒருத்திதான். அந்தச் சாட்சி வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த மாதம் ஒரு ஏஜெண்ட் மூலமாக அதே தொழிற்சாலைக்குத் திரும்பிப் போனார். சூப்பர்வைசராக இல்லை. "வெள்ளத் தொப்பிதான் பார்ட்னர், பரவால்ல, எல்லாம் தலையில தான போடறோம்" என்றார். அதோடு வியாழன் அழைப்புகள் நின்றன.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை என் விற்பனைப் பக்கத்தில் ஓர் ஆர்டர் வந்திருந்தது. பொய்யில்லை, நிஜமான ஆர்டர். திறந்தேன். பச்சைப் பூப்போட்ட தூளி ஒன்று. பெயர் அக்காவுடையது, முகவரி புக்கிட் செந்தோசா. மேலே கொட்டை எழுத்தில்: ஆர்டர் எண் 1. வருகிற ஆர்டர்களுக்கு அந்தப் பக்கம் தானாகவே ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, வாங்குபவருக்கு ரசீது அனுப்பிவிடும். மூன்றாவது வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தது. அக்காவும் நானும் ஒன்றாகத்தான் படித்தோம். நான் ஆர்டரைப் பார்ப்பதற்குள் அந்த ரசீது அவர் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

வியாழன் காலை பத்து மணிக்கு அழைத்தார். "என்ன பார்ட்னர், இந்த வாரம் எத்தன?"

"ஒன்னுக்கா."

"ஒன்னு." அவர் கேட்கவில்லை, திருப்பிச் சொன்னார். பிறகு மணி அடித்தது. மற்ற நாட்களைப்போல் இரண்டு ஆட்டு இல்லை. நிறுத்தி நிறுத்தி, வெகுநேரம் அடித்தார். நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும், "மகளுக்கு மாசமாச்சு, வெரசா அனுப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டார். கோபித்தாரா, மன்னித்தாரா, எனக்குத் தெரியாது. இங்கிருந்து புக்கிட் செந்தோசா ஒன்றும் சீமையில் இல்லை. நேரில் கொண்டுபோய் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். யாரோ எவரோ போலப் பெட்டியில் போட்டுத் தபாலில் அனுப்பினேன்.

குழந்தை பிறந்த பிறகு ஒரு படம் அனுப்பினார். பச்சைத் தூளிக்கு வெளியே இரண்டு குட்டிப் பாதங்கள், தூளியைப் பிடித்தபடி வெள்ளைத் தொப்பியோடு அக்கா, வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் சிரிப்பு. "இத உன் விற்பனப் பக்கத்துல போட்டுக்க பார்ட்னர், நாலு பேரு நம்பி வாங்குவாங்க" என்று கீழே எழுதியிருந்தார். போட்டேன். அதையும் செய்தேன். அந்தப் படத்துக்குப் பிறகுதான் ஆர்டர்கள் வரத் தொடங்கின. கிள்ளான், ஈப்போ, ஜொகூர் என்று இன்றுவரை நிற்கவில்லை. கோச் என்னை இரண்டு முறை மேடைக்கு அழைத்தார். போகவில்லை. ஆனால் படத்தை இன்னும் எடுக்கவுமில்லை. எடுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம்.

நேற்று வியாழக்கிழமை. கணவர் குவாந்தானுக்கு லோரி எடுத்துக்கொண்டு போயிருந்தார். காலையில் விளக்கேற்றி, சூடம் கொளுத்தி, மணியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கத்தில் வைத்திருந்த கைபேசியில் ஓர் ஆர்டர் வந்து ஒளிர்ந்தது. அதே பச்சைத் தூளிதான் வேண்டுமாம், "அந்தத் தொப்பி போட்ட அம்மா கையில் இருக்கிற மாதிரி" என்று குறிப்பு. மணி பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது. அக்காவின் எண்ணைத் தேடி எடுத்து, விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றேன். சூடம் அணைந்துவிட்டது. கைபேசியை வைத்துவிட்டு நான் போய்த் துணியை வெட்டினேன்.