தாயின் பெயரில் எழுதிய மாத்திரை

ஒரு விமானிக்கான மாத்திரையை அவனுடைய தாயின் பெயரில் எழுதிக்கொடுத்தேன். நாற்பது ஆண்டுகள் மருத்துவம் பார்த்தவன், தெரிந்தே செய்தேன்.

கேளம்பாக்கத்தில் என் கிளினிக். அந்த அம்மாள் இரத்த அழுத்தத்துக்காக மாதந்தோறும் என்னிடம் வருபவர். படூரில் மகனோடு குடியிருந்தார். தகப்பனார் இறந்தபின் மகனுக்குத் தூக்கம் போயிற்று, காரணமில்லாமல் அழுதான். மன அழுத்தத்துக்கு மாத்திரை தேவைப்பட்டது.

"என் பேர்ல வேணாம் டாக்டர். வருஷா வருஷம் எடுக்கிற மெடிக்கல்ல தெரிஞ்சா ஃப்ளைட்ட தொடவே விடமாட்டாங்க."

உண்மையைச் சொல்லி, விடுப்பெடுத்து, குணமானபின் பறக்கப் போ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அம்மாள் குறுக்கிட்டார்.

"எம் பேர்ல எழுதிக்கோ டாக்டரே. எனக்கு இன்னா, நானா ஏரோப்ளேன் ஓட்டப் போறேன்?"

மூவரும் சிரித்தோம். நான் அவருடைய ஃபைலைத் திறந்து எழுதினேன்.

அந்த ஆண்டு விமானிக்கான மருத்துவச் சான்றிதழைப் புதுப்பிக்கும் படிவத்தில், ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்ற கேள்விக்கு அவன் 'இல்லை' என்று எழுதினான். எனக்கு அது தெரியும்.

மறு ஆண்டு, அடுத்த புதுப்பிப்புக்குச் சில நாட்கள் இருக்கையில், அம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. அவருடைய கட்டைப்பையில் இருந்த என் ஃபைலைப் பார்த்து, அதிலிருந்த மாத்திரைகளை எல்லாம் முறைப்படி தொடர்ந்து கொடுத்தார்கள். அவர் ஒரு நாளும் விழுங்கியிராத அந்த மாத்திரையையும்.

ஐந்தாம் நாள் அம்மாள் குழம்பிப்போய், மகனைக் கணவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உடம்பில் உப்புச்சத்து இறங்கியிருந்தது. வயதானவர்களுக்கு அந்த மாத்திரையைப் புதிதாகத் தொடங்கினால் அப்படி ஆவதுண்டு. நான் பார்க்கப் போயிருந்தபோது பணியிலிருந்த பெண் மருத்துவர் கேட்டார்:

"இந்த மாத்திரை எவ்வளவு நாளா சாப்பிடறாங்க சார்? புதுசா ஆரம்பிச்சதா?"

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற மகன் என் முகத்தையே பார்த்தான்.

"ஒரு வருஷமா" என்றேன்.

பழகிய மருந்துதானே என்று அதை நிறுத்தாமல், தலையில் ஸ்கேன் எடுக்க ஏற்பாடு செய்தார்கள்.

நானும் மகனும் மருத்துவமனை வாசல் டீக்கடையில் நின்றோம். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"வியாழக்கிழமை எனக்கு மெடிக்கல், டாக்டர்."

"தெரியும்பா."

"அம்மா இப்போ கண்ணே தொறக்கல."

நான் டம்ளரை வைத்துவிட்டுப் படியேறினேன். அந்த மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் மாத்திரையை நிறுத்தினார். அம்மாள் தெளிய நான்கு நாட்கள் ஆயின.

மாத்திரை எது, யார் சாப்பிட்டது, யார் பெயரில், எழுதியது யார் என்று என் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். வியாழக்கிழமை அவனோடு நானும் போனேன். பரிசோதித்த மருத்துவர் கடிதத்தை இருமுறை படித்துவிட்டு, 'தற்காலிகமாகத் தகுதியில்லை' என்று எழுதினார். மருத்துவக் கவுன்சிலுக்கும் நானே எழுதினேன். சில மாதங்கள் தொழில் செய்யத் தடை விதித்தார்கள்.

அந்த மாதங்களில் ஒரு மாலை மாமல்லபுரம் கடற்கரையில் அவனைக் கண்டேன். என்னைப் பார்த்ததும் படகுகளுக்குப் பின்னால் திரும்பி நடந்துவிட்டான். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, மனநல மருத்துவரின் அறிக்கைகளோடு, அவனுக்குச் சான்றிதழ் திரும்பக் கிடைத்தது. அதை அவன் சொல்லவில்லை, அம்மாள்தான் சொன்னார்.

அவர் இப்போதும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வருகிறார். மருந்துச் சீட்டை நான் எழுதி முடித்தாலும், நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

"படிச்சுக் காட்டு டாக்டரே. எல்லாம் எனக்குத்தானே?"

ஒவ்வொரு மாத்திரையாகப் படித்துக் காட்டுகிறேன்.