தீத்தடுப்புக் கோட்டில் மூட்டிய அடுப்பு

நான் மூட்டிய அடுப்பிலிருந்து ஒரு மலைச்சரிவு எரிந்தது. அந்தப் பழி ஆடு மேய்ப்பவர் ஒருவர் மேல் விழுந்தது. தெரிந்தும் மூன்று ஆண்டுகள் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அப்போது நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. உள்ளே ஒரு கம்பியை வெல்டிங் வைக்கவும் என் கையெழுத்து வேண்டும். மாதம் ஒருமுறை தொழிலாளர்களைக் கூட்டி, சிவப்பு வாளியிலிருந்து மணலை அள்ளிப் போட்டுத் தீயை அணைத்துக் காட்டுவேன். முப்பது வருடம் அதைச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் உடன் வேலை பார்த்த மூவரும் ஒரு பழைய ஜீப்பில் ராயக்கோட்டைப் பக்கத்துக் காடுகளுக்குப் போவோம். பாதையே இல்லாத இடத்தில் வண்டியை ஏற்றி இறக்குவதுதான் எங்கள் பொழுதுபோக்கு.

தை மாதத்தில் காட்டில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவார்கள். தீ பரவினால் தாண்டாமல் நிற்பதற்காக, செடிகொடிகளை வெட்டிச் செதுக்கி, சாலை அகலத்துக்கு வெறும் மண்ணாக விடுவது. எங்களுக்கு அது ஜீப்புக்காகவே போட்டது போலத் தெரிந்தது. மாசியிலிருந்து மழை விழும்வரை உள்ளே தீ மூட்டக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்று நுழைவிடத்தில் பலகை இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் அந்தப் பங்குனி ஞாயிறு உள்ளே போனோம்.

கோட்டின் நடுவே மூன்று கல் வைத்துக் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவர் எங்களைப் பார்த்து நின்றார். நாற்பது வயதிருக்கும்.

“இந்த மாசத்துல அடுப்பு வேணாங்க சார். பீடிகூட நான் உள்ள பத்த வெக்கறதில்ல.”

“நீ என்னப்பா, ரேஞ்சரா?” என்றார் எங்களில் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

“ரேஞ்சர் வந்தா உங்கள எங்க கேக்கப் போறாரு? எங்களத்தான் கேப்பாரு.”

இங்கே புல்லே இல்லையே, எது பற்றிக்கொள்ளும் என்று கேட்டேன். அவர் கோலால் தரையைத் தட்டினார். “மேல இல்லீங்க. வெட்டுன மரத்து வேரு கீழ இருக்குது.”

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கிளம்பும்போது தணலின் மேல் மண்ணைப் போட்டு மூடி மிதித்தேன். கேனில் தண்ணீர் இருந்தது. மேட்டில் ஏறும்போது ரேடியேட்டருக்கு வேண்டும் என்று அதைத் தொடவில்லை. மண்ணுக்கு அடியில் காய்ந்த வேரில் கங்கு பிடித்து, கோட்டைத் தாண்டி ஊர்ந்து, இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கத்துப் புல்லில் வெளிவந்திருக்கிறது. சரிவு முழுவதும் போயிற்று.

அவர் தனியாளாகப் பச்சைத் தழையை ஒடித்து அடித்திருக்கிறார். வனக் காவலர்கள் வந்தபோது கையெல்லாம் கரியோடு அங்கே நின்றவர் அவர் ஒருவர்தான். புதுப்புல் முளைக்கட்டும் என்று மேய்ப்பவர்கள் பழைய புல்லைக் கொளுத்துவதுண்டு. அதனால் யாரும் வேறு காரணம் தேடவில்லை. அந்த ஊர் ஆடுகள் எதுவும் இனிச் சரிவில் ஏறக் கூடாது என்று தடை வந்தது. அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் சொல்ல, கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டேன். நான் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. பாதுகாப்பு அதிகாரியே காட்டைக் கொளுத்தினார் என்ற பேச்சோடு வெளியேற எனக்குத் துணிவில்லை. ஓய்வு நாளன்று விபத்தில்லாத ஆண்டுகளைச் சொல்லிச் சால்வை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து, வேறொரு தொழிற்சாலையில் தீப்பாதுகாப்பு பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். வாசலில் வருகைப் பதிவேட்டை நீட்டிய காவலாளியின் புறங்கைகளில் சுருங்கிய தழும்பு. அன்று ஆடு ஓட்டி வந்தவர்தான். என் பெயரை எழுதிவிட்டு உள்ளே போய்ப் பேசினேன். மணல் வாளியைத் தூக்கும் கட்டம் வந்தபோது என்னால் முடியவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி வெளியே வந்தேன்.

“அந்த அடுப்பு நாங்க மூட்டுனதுதான்” என்றேன்.

“தெரியுங்க சார்.”

“நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?”

“ஜீப்பு, நாலு பேரு, எல்லாம் சொன்னேன். நம்பல.” பதிவேட்டை மூடி வைத்தார். “அது போவட்டுங்க. என்னாலதான் மலைய அடைச்சிட்டாங்கன்னு ஊர்ல சொல்றாங்க. எங்கண்ணன் என் வூட்டுப் படி ஏறி மூணு வருசம் ஆச்சு. அங்க வந்து சொல்லுவீங்களா?”

நண்பர்கள் மூவரும் வர மறுத்தார்கள். முதலில் வன அலுவலகத்தில் நடந்ததை என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்தவர் இரண்டு முறை படித்து என் வாக்குமூலத்தைப் பதிந்துகொண்டார். சரிவைத் திறந்துவிடுவது தன் கையில் இல்லை என்றார்.

மறுநாள் காலை அந்த ஊர் பால் சொசைட்டிக்குப் போனேன். எல்லோரும் கேனோடு வரிசையில் நின்றார்கள். சொன்னேன். யாரும் திட்டவில்லை. அவருடைய அண்ணன் மட்டும் ஒன்று கேட்டார்: “அன்னிக்கு அவன் வேணாம்னு சொன்னானா?”

“சொன்னார். அடியில வேர் இருக்குன்னும் சொன்னார்.”

“நான் அவனக் கேக்கவே இல்ல” என்று சொல்லிவிட்டு அண்ணன் கேனை எடுத்துக்கொண்டு வரிசையிலிருந்து விலகிப் போனார். பின்னாலிருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: “ஆடெல்லாம் வித்தாச்சு. இப்ப வந்து சொல்றாரு.” வரிசை முன்னால் நகர்ந்தது.

பிறகு ஒருநாள் சரிவைப் பார்க்கப் போனேன், பேருந்தில். எரிந்த இடத்தில் ஆடு வாய் வைக்காத உண்ணிச்செடி மண்டியிருந்தது. எங்கள் சக்கரம் கிழித்த தடங்களில் மழை இறங்கி, ஆள் இறங்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. தடைப் பலகை அப்படியே இருந்தது.

போன வாரம் அந்தத் தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். பதிவேட்டை எடுக்காமல் எனக்கு நாற்காலி போட்டார். அண்ணன் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்ததாகச் சொன்னார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனாராம்.

“நாலு ஆடு வாங்கித் தரேன், ஊரோட இருன்னாரு. மேய்க்க எடம் எங்க சார் இருக்குது?”

வெளியே லாரி ஒன்று ஒலி எழுப்பியது. அவர் எழுந்து கேட்டைத் திறக்கப் போனார்.