சைகை அக்கா கையை மடக்கிய ஞாயிறு

சபையில் எல்லாரும் அவரைச் சைகை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிச் சீருடை தைப்பது தொழில். அவருடைய அண்ணன் தச்சர், பிறவியிலேயே காது கேளாதவர். அண்ணனோடு பேச வேண்டுமே என்று, நடக்கப் பழகின வயதிலேயே கையால் பேசவும் பழகியவர் அக்கா. ஞாயிறு ஆராதனையில் போதகர் பேசப் பேச, முன்வரிசையில் இருக்கும், அண்ணனையும் சேர்த்துக் காது கேளாத ஒன்பது பேருக்கும் அதைச் சைகையில் சொல்லும் பொறுப்பு அப்படித்தான் அவர் தலையில் விழுந்தது. பதினோரு வருடம் செய்தார்.

பெண்கள் போதிக்கக் கூடாது என்பது அந்தச் சபையின் சட்டம். அதனால் மேடைப் படியில் அவர் கால் வைக்கக் கூடாது, தரையில்தான் நிற்க வேண்டும். ஓரத்தில் இருப்பவர்களுக்குத் தூண் மறைக்கிறதே என்று அக்கா ஒரு முக்காலி கேட்டார். சபைக் குழு மூன்று கூட்டம் போட்டு யோசித்தது. ஒரு சாணுக்கு மேல் உயர்ந்தால் அது மேடையாகிவிடுமாம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக அண்ணனே ஒரு பலகை செய்து போட்டார்.

புதிதாக வந்த போதகர் இளவயதுக்காரர், கெட்டவர் இல்லை. நோயாளிகள் வீட்டுக்கு வெயிலென்றும் பாராமல் நடந்தே போவார். ஆனால் விசுவாசம் இருந்தால் நடக்காதது ஒன்றுமில்லை என்பதில் பெரும் பிடிவாதம். ஒரு ஞாயிறு, இயேசு ஒரு செவிடனைக் குணமாக்கிய கதையை எடுத்துப் பேசினார். பேச்சு சூடு பிடித்தது. முன்வரிசையைப் பார்த்து, "இன்னைக்கும் காது திறக்காம உட்கார்ந்திருக்கீங்கன்னா, குறை ஆண்டவர்கிட்ட இல்ல. உங்க விசுவாசத்துல!" என்றார்.

அக்காவின் கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு மடங்கின. மறுபடி விரிந்தபோது அவை சொன்னது வேறு: "ஆண்டவர் உங்க பக்கத்துலயே இருக்காரு." ஒன்பது பேரும் தலையாட்டினார்கள்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பள்ளி ஆசிரியைக்குக் கொஞ்சம் சைகை தெரியும். விஷயம் குழுவரைக்கும் போய்விட்டது.

பாட்டுப் புத்தகங்கள் அடுக்கியிருந்த பின்னறையில் விசாரணை. குழுவின் செயலாளர் ஆரம்பித்தார்.

"ஐயா சொன்னதைத்தான் சொன்னீங்களாம்மா?"

"இல்லீங்க."

"அப்ப நீங்க சொன்னது யாரோட பிரசங்கம்?"

போதகர்தான் தணிந்த குரலில் பேசினார். "அப்படியே சொன்னா அது உதவிம்மா. மாத்திச் சொன்னா அது போதகம். அதுக்கு உங்களுக்கு அதிகாரம் கிடையாது."

அதிகாரமில்லாமல் போதித்தது தப்பு என்று எழுதியிருந்த தாளைக் கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார்கள். அக்கா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அண்ணன் தன் பக்கம் நிற்பார் என்ற நம்பிக்கையில் நடந்ததெல்லாம் அவரிடம் சொன்னார். அண்ணன் முகம் கறுத்தது. கைகள் வேகமாகப் பேசின.

"அவர் சொன்னதை ஏன் என்கிட்ட அப்படியே சொல்லல?"

"உனக்கு வலிக்கும்னுதாண்ணா."

"வலிச்சா எழுந்து நின்னு கேட்டிருப்பேன்ல? இன்னும் என்னென்ன மறைச்ச?"

அக்கா ஒன்றையும் ஒளிக்கவில்லை. நரகத்தின் நெருப்பைப் பலமுறை தணித்திருக்கிறார். குடிகாரர்களைப் போதகர் வாங்கு வாங்கென்று வாங்கியதை ஒருமுறை முழுசாக விழுங்கியிருக்கிறார்.

"அவருக்குத்தான் எங்களைத் தெரியல. நீயுமா எங்களைச் சின்னப் பிள்ளைங்கன்னு நினைச்ச?"

மறுநாள் அக்கா கடையில் சீருடை வெட்ட உட்கார்ந்தார். ஒரே சட்டைக்கு இரண்டு இடது கைகளை வெட்டி வைத்தார்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒன்பது பேரும் வந்து நின்றார்கள். அண்ணன் கையால் பேசினார், அக்கா குரல் கொடுத்தார்.

"ஐயா, அந்தக் கதையில அந்த ஆளுக்காக வேண்டிக்கிட்டதே மத்தவங்கதான். உனக்கு விசுவாசம் இருக்கான்னு அவனை யாரும் கேட்கல. இயேசு அவனைத் தனியா கூட்டிட்டுப் போய், காதைத் தொட்டாரு, நாக்கைத் தொட்டாரு. அவனுக்குப் புரியற மாதிரி முதல்ல கையாலதான் பேசினாரு. நீங்க எங்களை எல்லார் முன்னாடியும் வச்சுத் திட்டுனீங்க." அண்ணன் அக்காவைக் கையால் காட்டித் தொடர்ந்தார். "என் தங்கச்சி செஞ்சதும் தப்புதான். அதை நாங்க அவகிட்ட கேட்டுக்கறோம்."

அதையும் அக்கா அப்படியே சொன்னார்.

போதகர் வேதத்தைப் புரட்டி அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "நான் இதை யோசிக்கணும்," என்றார்.

"யோசிக்க என்னங்க இருக்கு?" என்று செயலாளர் தாளைக் கேட்டார்.

"மாத்திச் சொன்னேன்னு எழுதித் தரேன்," என்றார் அக்கா. "அதிகாரம் இல்லைன்னு எழுத மாட்டேன்."

இனி அவர் முன்னால் நிற்கக் கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. போதகர் அதைத் தடுக்கவில்லை. ஆனால் அந்தப் பிரசங்கத்தை அவர் மறுபடி செய்யவுமில்லை. மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

இப்போது அந்த ஆசிரியைதான் சைகை காட்டுகிறார். பரிசுத்தம் என்பதற்குச் சோப்பு என்று காட்டி முன்வரிசையைச் சிரிக்க வைப்பார். மூன்று பேர் சபையை விட்டே போய்விட்டார்கள். அண்ணன் போகவில்லை. "நான் ஏன் போகணும்? அவங்களுக்கு அது சபைன்னா எனக்கும் சபைதான்," என்கிறார். அக்கா பின்வரிசையில் உட்காருகிறார். பிரசங்கம் தொடங்கினால் மடியில் விரல்கள் தானாக அசையும்.

செவ்வாய் மாலைகளில் தையல் கடையில் துணிகளை ஒதுக்கிவிட்டு ஒன்பது பேரும் கூடுகிறார்கள், விட்டுப்போன அந்த மூவரையும் சேர்த்தே. ஞாயிற்றுப் பிரசங்கத்தை அக்கா ஒன்று விடாமல் சொல்கிறார், தனக்குப் பிடிக்காததையும். அதன் பிறகு வாக்குவாதம். ஒரு நாள் தெருவில் போன ஒருவர், சத்தமே இல்லாமல் இத்தனை கைகள் பறப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, அடிதடி என்று பதறி உள்ளே ஓடி வந்தார். அவருக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.