எட்டு இல்லாத ஃபோல்டர்

"உங்கள் ஊரில் கைக்குழந்தைகள் டபுள் எக்ஸ்எல் சைஸ் போடுவார்களா?"

டென்மார்க்கிலிருந்து மார்த்தா அம்மையார் அனுப்பிய மெயிலின் முதல் வரி இதுதான். இரண்டாவது வரி: "முன்பக்கம் ஓப்பனிங் வேறு வைத்திருக்கிறீர்களே, அது எதற்கு?"

நான் செக்கிங் டேபிளிலிருந்து கம்ப்யூட்டர் நாற்காலிக்கு மாறி அப்போது ஐந்து வாரம் ஆகியிருந்தது. மெயிலைப் படித்ததும் அந்த நாற்காலி எனக்கு இனி இல்லை என்றே நினைத்தேன்.

1. நாற்காலி கிடைத்த கதை

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி. எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். பிழைக்க வந்த குடும்பம். மூன்று வருஷம் செக்கிங்கில் நின்றேன். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் விரித்து, திருப்பி, உள்பக்கம் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதுதான் செக்கிங். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் கிளாஸ் போனேன். அதைத் தெரிந்துகொண்ட முதலாளி ஒருநாள் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, இனிமே நீங்க ஆபீஸ்ல உக்காந்துக்குங்க. செட்டு ஆகலீனா ஒன்னும் வருத்தப்படாதீங்க. செக்கிங்ல உங்க ஸ்டூலு காலியாத்தான் இருக்கும், யாரையும் போட மாட்டேன்."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது மிரட்டலாகக் கேட்டது. கம்ப்யூட்டரில் எந்தத் தப்பு வந்தாலும் ஆபீஸ் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்த ஸ்டூல் தெரியும்.

மார்த்தா அம்மையார்தான் எங்களிடம் நேராகச் சரக்கு வாங்க வந்த முதல் பையர். அதுவரை நடுவில் ஒரு பையிங் ஆபீஸ் இருந்தது. அறுபது ஸ்டைலுக்கு சாம்பிள் தைத்து, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அவர்கள் கேட்லாக்கில் எவை வரும் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். "இது கைக்கு வந்துச்சுன்னா இனி யாரு பின்னாடியும் நிக்க வேண்டியதில்லீங்க" என்று முதலாளி பெருமாநல்லூரில் இருந்த சம்பந்தி வரைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

2. போட்டோவுக்குள் லேபிள்

பையர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஒவ்வொரு போட்டோ ஃபைலுக்கு உள்ளேயும் ஸ்டைல் நம்பர், என்ன துணி, என்ன சைஸ் எல்லாம் டைப் செய்திருக்க வேண்டும். படத்தின் மேலே எழுதக் கூடாது, ஃபைலுக்கு உள்ளே. இதற்கு மெட்டாடேட்டா என்று பெயர். பனியனுக்குள் தைக்கிற வாஷ்கேர் லேபிள் மாதிரி. வெளியில் தெரியாது, புரட்டினால் இருக்கும். அவர்கள் சாஃப்ட்வேர் அதைப் படித்துத் தானாகவே கேட்லாக்கில் போட்டுக்கொள்ளும்.

அறுபதுக்கும் நான்தான் போட்டோ எடுத்தேன். நான்தான் டைப் செய்தேன். மூன்று நாள் ஆனது. அப்புறம் பின்னணியை வெள்ளையாக்கி, சைஸைக் குறைத்துத் தரச் சொல்லி சிடி போட்டு வீரபாண்டியில் ஸ்டுடியோ வைத்திருந்த குமாரிடம் கொடுத்தேன். குமார் அருமையாகச் செய்து தந்தார். ஒரே குறை, சைஸைக் குறைத்ததில் உள்ளே இருந்த லேபிள் அத்தனையும் போய்விட்டது. ஒரு படத்திலும் ஒரு எழுத்து இல்லை.

அழுகை வந்தது. திரும்பவும் மூன்று நாள் டைப் செய்ய நேரம் இல்லை. கம்ப்யூட்டர் கிளாஸ் சாரிடம் போனில் கேட்டேன். ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது, பழைய ஃபோல்டரில் ஒரு ஃபைல் என்ன பெயரோ அதே பெயர் புது ஃபோல்டரில் இருந்தால் இதிலிருந்து அதற்குத் தகவலைக் காப்பி செய்துவிடும் என்றார். செய்தேன். கருப்பு விண்டோ ஒன்று திறந்தது, வரிகள் மடமடவென்று ஓடின, கடைசியில் "54 மாற்றப்பட்டது, 6 ஃபைல் இல்லை" என்று ஆங்கிலத்தில் வந்தது. கம்ப்யூட்டர் என்றால் ஏதாவது முனகிக்கொண்டேதான் இருக்கும் என்று மூடிவிட்டேன். முதல் ஐந்து போட்டோவைத் திறந்து பார்த்தேன். அம்சமாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.

3. எட்டு

மெயில் வந்த அன்று மதியம் குமாருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீய? எல்லாம் மாறிக் கெடக்கு!"

"நா என்னுங்க பண்ணுனேன்? நீங்க குடுத்த சிடில அறுபது படம். வரிசையா ஒன்னுல இருந்து அறுபது வரைக்கும் பேரு போட்டுக் குடுத்தேன். எண்ணிப் பாருங்க."

எண்ணிப் பார்த்தேன். அவருடைய ஃபோல்டரில் ஒன்று முதல் அறுபது வரை இருந்தது. என்னுடைய ஃபோல்டரிலும் அறுபது ஃபைல்தான். ஆனால் கடைசி ஃபைலின் பெயர் அறுபத்தேழு.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் கம்பெனியில் எட்டு கிடையாது.

முதலாளிக்கு எட்டு ஆகாது. எங்கள் தையல் லைனில் ஏழாவது மிஷினுக்குப் பக்கத்தில் இருப்பது ஒன்பதாவது மிஷின். எட்டு மட்டுமா, கூட்டினால் எட்டு வருகிற பதினேழு, இருபத்தாறு, முப்பத்தைந்து எதுவும் கிடையாது. வெளிநாட்டு ஆர்டரில் எட்டு வயசு சைஸ் வருமே, அதற்கு என்ன செய்வார் என்று கேட்பீர்கள். "அது அவிங்க எட்டுங்க, நம்ம எட்டு இல்லீங்க" என்பார். சாம்பிளுக்கு ஸ்டைல் நம்பர் போட்டதும் அப்படித்தான். அந்த நம்பரையே நான் போட்டோ ஃபைலுக்கும் பெயராக வைத்திருந்தேன். மூன்று வருஷம் அங்கேயே கிடந்ததில், ஏழுக்கு அடுத்து ஒன்பது என்பது எனக்கு உறுத்தவே இல்லை. குமாருக்கு இந்த விவரம் தெரியாது. டென்மார்க்குக்கும் தெரியாது.

ஆக, ஏழு வரை எல்லாம் சரி. அதற்கு அப்புறம் ஒவ்வொரு படமும் முந்தின படத்தின் லேபிளைப் போட்டுக்கொண்டது. பதினேழைத் தாண்டினதும் இரண்டு தள்ளி, இருபத்தாறைத் தாண்டினதும் மூன்று தள்ளி. தொட்டில் குழந்தையின் ராம்பருக்குள் முன்பக்கம் ஓப்பனிங் வைத்த ஆண்கள் பாக்ஸர், டபுள் எக்ஸ்எல். மீசை வைத்த பொம்மைக்கு மாட்டிய கைவைக்காத பனியனுக்குள் பிறந்த குழந்தைக் குல்லா, மூன்று மாதம் வரை.

முதலாளியிடம் சொல்லாமல் முடியாது. சொல்வதென்றால் எட்டால்தான் வந்தது என்று சொல்ல வேண்டும். போய் நின்றேன்.

"என்னுங்க அம்மிணி, அந்த மேட்டர் டேட்டா போயிருச்சுங்களா?"

"போயிடுச்சு சார். ஆனா மாறிப் போயிடுச்சு."

"லேபிளு மாத்தி அடிச்சுப்போட்டீங்களா?"

"ஆமா சார். தப்பு என்னோடதுதான், பாக்காம அனுப்பிட்டேன். ஆனா மாறுனதுக்குக் காரணம்... நம்மகிட்ட எட்டாம் நம்பர் இல்ல சார். அதனாலதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் ஸ்டூலைப் பார்த்தேன்.

"பாத்தீங்களா அம்மிணி? இல்லாதப்பவே இந்தப் பாடு படுத்துது. இருந்திருந்தா நம்ம கதி என்னாகியிருக்கும்?"

 நான் நாற்காலிக்குத் திரும்பி, குமாரின் ஃபோல்டரைத் திறந்தேன்.

4. மார்த்தா தந்த கெடு

மறுநாள் மதியம் வரை மார்த்தா நேரம் தந்திருந்தார். அதற்குள் வரவில்லையென்றால் கேட்லாக் எங்களை விட்டுவிட்டு அச்சுக்குப் போய்விடும்.

குமார் தந்த ஃபைல்களின் பெயரை ஒவ்வொன்றாக மாற்றினேன். கடைசியிலிருந்து ஆரம்பித்தேன், அறுபதை அறுபத்தேழாக்கி. முன்னாலிருந்து வந்தால் முடியாது. எட்டை ஒன்பதாக்கலாம் என்று போனால் ஒன்பது என்ற பெயரில் இன்னொன்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். பிறகு அந்தப் புரோகிராமைத் திரும்ப ஓட்டினேன். "60 மாற்றப்பட்டது" என்று மட்டும் வந்தது. இந்தத் தடவை இரண்டு முறை படித்தேன்.

அனுப்பலாமா என்று கேட்டேன்.

"செக் பண்ணுனீங்களா?" என்றார் முதலாளி.

"முதல் பத்து பாத்துட்டேன் சார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "செக்கிங்ல இருந்தப்ப பண்டல்ல மேல இருக்கற பத்து பீஸு பாத்துட்டுப் பாஸ் பண்ணுவீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷத்தில் ஒரு நாளும் அப்படிப் பண்ணினதில்லை. நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தே வாரத்தில் பண்ணியிருக்கிறேன்.

அறுபது சாம்பிளையும் செக்கிங் டேபிளில் கொட்டச் சொன்னார். நான் ஆபீஸ் கதவைத் திறந்து வைத்து ஸ்கிரீனைப் பார்த்துப் படிக்க, அவர் அந்தப் பீஸைத் தேடி எடுத்துத் தூக்கிக் காட்ட, என் பழைய கூட்டாளிகள் சுற்றி நின்று சிரித்தார்கள். முதலாளி ராம்பரைக் கையில் பிடித்து, "டபுள் எக்ஸ்எல்லுங்களா?" என்று கேட்டதும் நானும் சிரித்துவிட்டேன். ஏழு முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு "ஒன்பது" என்றார்.

நாற்பத்து மூன்றாம் பீஸோடு கதவு வரை வந்தவர் ஸ்கிரீனைப் பார்த்து நிறுத்தினார். "இதைத் திரும்பப் படிங்க."

"மென்ஸ் வெஸ்ட், சார்."

ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். "வெஸ்ட்டுக்கு வீ தானுங்களே வரும்? நம்ம பனியன் பெட்டியில வீ தான் அடிச்சிருக்குது. நீங்க டபிள்யூ போட்டிருக்கீங்க. இது மேற்கால பக்கமுங்க."

ஆண்கள் மேற்கு. ஐந்து இடத்தில் அப்படித்தான் இருந்தது. புரோகிராம் அதையும் பத்திரமாகக் காப்பி செய்திருந்தது. திருத்தி, மறுநாள் காலை பதினொன்றரை மணிக்கு அனுப்பினோம்.

5. பதில்

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. டபுள் எக்ஸ்எல் குழந்தையைப் பிரிண்ட் எடுத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருப்பதாக எழுதியிருந்தார். கீழே, எடுத்துக்கொண்ட ஸ்டைல்களின் லிஸ்ட்.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். முதலாளி விரல் வைத்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். முகம் சுருங்கியது. நானும் எண்ணினேன். எட்டு.

"சார், இன்னொன்னு சேத்து ஒன்பதாக்கச் சொல்லி மெயில் போடட்டுமா?"

 அவர் லிஸ்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க. இது அவிங்க எட்டு."

கதவு வரைக்கும் போனவர் திரும்பினார். "அம்மிணி, அந்த ஸ்டூலுக்கு நாளைக்கு வேற ஆள் வருதுங்க."

அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

பிறகு பையர்களிடம் ஆர்டர் பேசி முடிக்கும் மெர்ச்சண்டைசராகி, எத்தனையோ பேருக்கு வேலை சொல்லிக் கொடுத்தேன். எல்லோரிடமும் சொன்னது ஒன்றுதான். கம்ப்யூட்டர் ஆறு ஃபைல் இல்லை என்று சொன்னால் எந்த ஆறு என்று கேளுங்கள். முதல் ஐந்தைப் பார்த்துவிட்டு எழுந்து போகாதீர்கள். ஸ்டூலை விட்டுவிட்டு வரலாம். செக்கிங்கை விட்டுவிட்டு வரக் கூடாது.